மூத்த பிள்ளை முதல் கடைக்குட்டி வரை

ஹாம்லெட் நாடகத்துக்கு ஓர் எக்ஸ்எம்எல் வடிவம் உண்டு. அதைச் செய்தவர் ஜான் போசாக். எக்ஸ்எம்எல் என்ற தரத்தையே வகுத்த பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே போசாக்தான். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை 1992 முதல் எஸ்ஜிஎம்எல் குறிகளுக்குள் பொறுமையாக அடுக்கத் தொடங்கினார். 1996க்கும் 1998க்கும் இடையில் அவற்றை எக்ஸ்எம்எல்லாக மாற்றினார். யார் வேண்டுமானாலும் படி எடுத்துக்கொள்ளலாம், பகிர்ந்துகொள்ளலாம் என்று உலகத்துக்கே கொடுத்துவிட்டார். கோப்பைத் திறந்தால் கண்ணுக்கு இதமான ஓர் ஒழுங்கு தெரியும். பிளே என்ற பெரிய எலிமென்டுக்குள் ஆக்ட்கள், ஆக்டுக்குள் சீன்கள், சீனுக்குள் ஸ்பீச்கள், ஸ்பீச்சுக்குள் ஸ்பீக்கர் என்று பேசுபவர் பெயர், அதன் பின்னே லைன் லைனாக அவர் பேசும் வரிகள். அணிகலன் எதுவும் பூணாத, தெளிந்த அடுக்கு.

இந்த அடுக்கை ஜாவாஸ்கிரிப்டின் கையைப் பிடித்துக்கொண்டு கணு கணுவாக நடந்து பார்ப்பது எனக்கு அலுக்காத இன்பம். நிரலர்கள் இதை அன்றாட வேலையாகச் செய்துவிட்டுப் போகிறார்கள். வேண்டிய தகவல் கிடைத்ததும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்சம் நின்று பார்த்தால், சேய்க் கணுக்களுக்கிடையே நடக்கும் இந்தச் சிறு கலையில் எத்தனை நுட்பம், எத்தனை நாகரிகம்! வாருங்கள், அவசரமில்லாமல் பார்ப்போம்.

முதல் காட்சியின் முதல் பேச்சிலேயே நின்றுவிடலாம். நள்ளிரவில் கோட்டைக் காவலுக்கு வரும் பெர்னார்டோ, இருளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறான். ஒரே வரி. கோப்பில் அது இப்படி இருக்கிறது: ஸ்பீச் டேக் தனி வரியில் திறக்கிறது. அடுத்த வரியில் ஸ்பீக்கர். அதற்கடுத்த வரியில் லைன். பிறகு ஸ்பீச் தனி வரியில் மூடுகிறது. இந்தப் பேச்சுக்கு எத்தனை பிள்ளைகள்? இரண்டு என்பீர்கள். சைல்டுநோட்ஸ் என்ற பட்டியலிடம் அதன் நீளத்தைக் கேளுங்கள். ஐந்து என்று சொல்லும்.

ஸ்பீச் திறந்ததும் விழுந்த வரிமுறிவு ஒரு பிள்ளை. ஸ்பீக்கர் இரண்டாவது. ஸ்பீக்கருக்கும் லைனுக்கும் நடுவில் இருக்கும் வரிமுறிவு மூன்றாவது. லைன் நான்காவது. லைனுக்கும் மூடும் டேக்குக்கும் இடையிலுள்ள வரிமுறிவு ஐந்தாவது. இரண்டு எலிமென்ட்கள், அவற்றுக்கு முன்னும் நடுவிலும் பின்னும் மூன்று மௌனங்கள். அந்த மௌனங்களும் முழு உரிமையுள்ள பிள்ளைகளே. அவற்றுக்கும் பெற்றோர் உண்டு, அண்ணன் தம்பி உண்டு. பெயர் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: # குறியோடு சேர்ந்த டெக்ஸ்ட்.

புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். ஃபர்ஸ்ட்சைல்டு என்று மூத்த பிள்ளையை அழைத்தால் ஸ்பீக்கர் வருமென்று காத்திருந்தவருக்கு, வெறும் வரிமுறிவு வந்து நிற்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெற்றிடத்தை ஒருமுறை கனிவோடு பாருங்கள். எக்ஸ்எம்எல் தரத்தில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. டேக் அல்லாத ஒவ்வோர் எழுத்தையும், கோப்பைப் படித்துப் பிரிக்கும் பார்சர் அப்படியே நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். எது முக்கியம், எது வேண்டாதது என்று பார்சர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது தெரிந்தவர் எழுதியவரும் படிப்பவரும்தான். இடையில் நிற்பவன் கையாடல் செய்யாமல் கொண்டுவந்து சேர்க்கிறான். இந்த நேர்மையின் கண்ணுக்குத் தெரியும் வடிவம்தான் அந்த மூன்று வெற்றுக் கணுக்கள்.

அந்த நேர்மைக்குள்ளும் ஓர் இங்கிதம் இருக்கிறது. விண்டோஸில் எழுதிய கோப்பில் ஒரு வரிமுறிவுக்கு இரண்டு எழுத்துகள், யூனிக்ஸில் ஒன்று. பார்சர் இரண்டையும் ஒரே எழுத்தாக ஒருமைப்படுத்தித் தருகிறது. இரண்டு பேச்சுகளுக்கு நடுவே எத்தனை வெற்று வரிகள் விட்டிருந்தாலும் அவை சேர்ந்து ஒரே கணுதான். பெர்னார்டோவின் பேச்சுக்கு எந்தக் கணினியிலும் ஐந்து பிள்ளைகளே. பிளே என்ற வேர் எலிமென்டுக்கு வெளியே கிடக்கும் இடைவெளிகளுக்கு மட்டும் கணு என்ற தகுதி கிடையாது. நாடகம் தொடங்குவதற்கு முந்தைய மௌனம் நாடகத்தின் பகுதி ஆகாது என்பதில் எவ்வளவு பொருத்தம்!

மைக்ரோசாஃப்டின் எம்எஸ்எக்ஸ்எம்எல் பார்சர் வேறு வழியில் போயிற்று. நிரலர் தனியாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய, வெறும் இடைவெளிகளை அது உதறிவிடும். அதனால் ஒரே கோப்பில், ஒரே கேள்விக்கு, ஓரிடத்தில் வரிமுறிவும் இன்னோரிடத்தில் ஸ்பீக்கரும் மூத்த பிள்ளையாக வந்தன. பிறகு 2008 டிசம்பரில் எலிமென்ட் டிராவர்சல் என்ற சிறிய தரத்தை டபிள்யூ3சி வெளியிட்டது. ஃபர்ஸ்ட்எலிமென்ட்சைல்டு என்று கேட்டால் மௌனங்களைத் தாண்டி நேராக முதல் எலிமென்டிடம் கொண்டுபோய் விடும். கைக்கு எளிது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் என் மனம் பழைய சைல்டுநோட்ஸ் பக்கமே சாயும். அதில்தான் கோப்பை எழுதியவரின் கை தெரிகிறது: எங்கே என்டர் தட்டினார், எங்கே ஒட்டி எழுதினார் என்பது வரை.

இனி நடையைப் பாருங்கள். கோப்பைக் கணுக்களின் மரமாகக் காட்டும் டாம் என்கிற அமைப்பின் முதல் தரம் 1998 அக்டோபர் 1 அன்று வந்தது. எக்ஸ்எம்எல் 1.0 வந்ததும் அதே ஆண்டில்தான், பிப்ரவரி 10 அன்று. மரமும் மரத்தில் ஏறும் வழியும் எட்டு மாதத்துக்குள் பிறந்துவிட்டன. வழி எவ்வளவு சிக்கனமானது! மூத்த பிள்ளைக்கு ஃபர்ஸ்ட்சைல்டு, கடைக்குட்டிக்கு லாஸ்ட்சைல்டு. அடுத்துப் பிறந்தவருக்கு நெக்ஸ்ட்சிப்ளிங், முன்னே பிறந்தவருக்கு ப்ரீவியஸ்சிப்ளிங். மேலே ஏற பேரன்ட்நோட். சித்தி இல்லை, மாமன் இல்லை, தாத்தா என்று தனியே ஒரு சொல்லும் இல்லை. இந்த ஐந்தைக் கோத்துக் கோத்தே எந்த உறவையும் எட்டிவிடலாம்.

ஐந்துகூட வேண்டாம், இரண்டே போதும். ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். கையில் கிடைத்த கணுவைப் பார். அதன் மூத்த பிள்ளையிடம் போ. அங்கேயும் இதே வேலையைச் செய். முடிந்ததும் அடுத்த உடன்பிறப்பிடம் போ. யாருமில்லை என்று பதில் வரும்வரை தொடர். ஐந்தாறு வரிகளில் எழுதி முடிக்கலாம். தன்னையே அழைத்துக்கொள்ளும் இந்தச் சிறு ஃபங்ஷன் ஹாம்லெட்டின் ஐந்து அங்கங்களையும் இருபது காட்சிகளையும் ஒரு வரிமுறிவுகூட விடாமல் நடந்து முடிக்கும். அது நடக்கும் வரிசை எது என்று கவனியுங்கள். பேசுபவர் பெயர் முதலில், பிறகு அவர் வரிகள், பிறகு அடுத்தவர் பெயர். கோப்பில் டேக்குகள் திறக்கும் வரிசையே அது. மேடையில் நாடகம் நடக்கும் வரிசையும் அதுவே. மரத்தில் ஆழம் முதலாக இறங்கி ஏறும் நடையும், ஒரு வாசகர் மேலிருந்து கீழாகப் படிக்கும் நடையும் அணுப்பிசகாமல் ஒன்றாக இருக்கின்றன. இதைவிட அழகான பொருத்தம் நிரலுலகில் எனக்குத் தெரியாது.

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போவோம். ஒரு லைன் எலிமென்டிடம் போய் நோட்வேல்யூ என்று அதன் மதிப்பைக் கேட்டால், ஒன்றுமில்லை என்ற பதிலே வரும். வரி நிறையச் சொற்கள் இருக்கும்போது ஏன் ஒன்றுமில்லை? ஏனென்றால் சொற்கள் லைனுடைய மதிப்பு அல்ல. அவை லைனுடைய பிள்ளை. லைன் என்பது ஏந்திய கை மட்டுமே. ஏந்தப்பட்ட சொற்கள் தனியே ஒரு டெக்ஸ்ட் கணுவாக உள்ளே இருக்கின்றன. அந்தக் கணுவிடம் கேட்டால் முழு வரியையும் சொல்லும். பாத்திரத்தையும் பண்டத்தையும் இப்படிப் பிரித்து வைத்த நுட்பம் வெறும் கெடுபிடிபோலத் தோன்றலாம். அது எவ்வளவு தேவையானது என்பதை ஹாம்லெட்டே நமக்குக் காட்டுகிறான்.

முதல் அங்கம், இரண்டாம் காட்சி. தந்தை இறந்து வெகுநாள் ஆகவில்லை. சித்தப்பா கிளாடியஸ் தாயை மணந்து அரியணையில் இருக்கிறான். சபை நடுவே ஹாம்லெட்டை மகனே என்று உறவு கொண்டாடி அழைக்கிறான். ஹாம்லெட் நாடகத்தில் முதன்முதலாக வாய் திறக்கிறான். உறவைப் பற்றிய கசப்பான ஒற்றை வரி. அதையும் சபைக்குச் சொல்வதில்லை, ஒதுங்கித் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். போசாக் அந்த ஒதுக்கத்தை எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? வரிக்கு வெளியே அல்ல. லைன் எலிமென்டின் உள்ளேயே, முதல் சொல்லுக்கும் முன்னால், ஸ்டேஜ்டிர் என்ற எலிமென்டாக வைத்திருக்கிறார். அந்த லைனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது மேடைக் குறிப்பு. இளையது ஹாம்லெட்டின் சொற்கள்.

இங்கே நின்று சற்று ரசிக்க வேண்டும். டெக்ஸ்ட்கன்டென்ட் என்று ஒரு சுருக்கு வழி உண்டு. ஒரு கணுவின் கீழேயுள்ள எல்லா எழுத்தையும் ஒரே மூச்சில் திரட்டித் தரும். இந்த வரியில் அதைப் பயன்படுத்தினால் மேடைக் குறிப்பும் வசனமும் ஒட்டிக்கொண்டு வரும். ‘தனக்குள்’ என்ற குறிப்பையே ஹாம்லெட் உரக்கப் பேசியதுபோல ஆகிவிடும். சபைக்குக் கேட்கக் கூடாத வரி அம்பலமாகிவிடும்! பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சந்தித்து நடப்பவருக்கு இந்தக் குழப்பமே கிடையாது. மூத்ததிடம் நோட்டைப் என்று அதன் வகையைக் கேட்டால் 1 என்று சொல்லும். 1 என்றால் எலிமென்ட். அடுத்ததிடம் கேட்டால் 3, டெக்ஸ்ட். 1 வந்தால் சாய்வெழுத்தில் போடு, 3 வந்தால் நேரெழுத்தில் போடு. இரண்டு எண்களின் வேறுபாட்டில் ஓர் இளவரசனின் மனத்துக்குள் பேசும் குரல் காப்பாற்றப்படுகிறது. வேறெங்கும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு வரிக்காகவே சைல்டுநோட்ஸைக் கற்றுக்கொள்ளலாம் என்பேன்.

அதே காட்சியில், இந்த வரிக்குச் சற்று முன்னால், இன்னொரு சிறு மணி கிடக்கிறது. நார்வேக்குத் தூது போகும் கொர்னீலியஸும் வால்ட்டிமாண்டும் மன்னனுக்குப் பணிவு சொல்கிறார்கள். இருவரும் சேர்ந்து ஒரே வரி. அந்த ஸ்பீச்சைத் திறந்தால் ஸ்பீக்கர் ஒன்றல்ல, இரண்டு, ஒருவர் பின் ஒருவராக. அவர்களுக்குப் பிறகு ஒரே ஒரு லைன். ஒரு பேச்சுக்கு ஒருவர்தான் பேசுவார் என்று நினைத்து முதல் பிள்ளையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் நிரல், வால்ட்டிமாண்டை ஊமையாக்கிவிடும். அடுத்த உடன்பிறப்பு யார் என்று இன்னொரு முறை கேட்கும் நிரல் அவருக்குரிய மரியாதையைக் கொடுக்கும். அடுத்தவர் யார் என்ற அந்தக் கேள்வியில்தான் எவ்வளவு பண்பு!

பாத்திரங்களின் பட்டியலிலும் ஓர் அழகு உண்டு. போசாக் சிலரைக் குழுவாகச் சேர்த்து, அவர்களுக்குப் பொதுவான விளக்கத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார். மார்செல்லஸ், பெர்னார்டோ, அதன் பின் இருவரும் படை அதிகாரிகள் என்ற குறிப்பு. யார் யார் என்று பெயர் சொல்லி முடித்த பிறகே அவர்கள் என்ன என்று சொல்லும் முறை. இங்கே லாஸ்ட்எலிமென்ட்சைல்டு என்று கடைக்குட்டியை நேரே கூப்பிடலாம்.

திறக்கும் டேக்குக்குள்ளேயே எழுதப்படும் ஆட்ரிபியூட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை எலிமென்டோடு ஒட்டியிருந்தாலும் பிள்ளைகள் வரிசையில் வருவதில்லை. 1999இல் வந்த எக்ஸ்பாத் தரம் இதை இன்னும் விசித்திரமாகச் சொல்கிறது: ஆட்ரிபியூட்டுக்கு எலிமென்ட் பெற்றோர்தான், ஆனால் அந்த எலிமென்டுக்கு ஆட்ரிபியூட் பிள்ளை இல்லை. முதல்முறை படித்தபோது வியந்து மீண்டும் படித்தேன். அந்த வியப்பு இன்னும் போகவில்லை.

இனி, சைல்டுநோட்ஸ் என்ற பட்டியலின் குணத்தைப் பார்க்க வேண்டும். அது உயிருள்ள பட்டியல். ஒருமுறை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு மரத்தில் என்ன மாறினாலும் அந்தப் பட்டியலும் உடனே மாறும். க்வெரிசெலக்டர்ஆல் என்ற தேடல் தருவது அந்த நொடியில் எடுத்த புகைப்படம். சைல்டுநோட்ஸ் தருவது திறந்திருக்கும் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் எழுந்து போனால் அந்த இடம் காலியாகக் காத்திருப்பதில்லை, பின்னால் இருப்பவர்கள் நகர்ந்து வந்துவிடுகிறார்கள். அதனால்தான் எண் வரிசையில் 0, 1, 2 என்று போய்க்கொண்டே பிள்ளைகளை நீக்கினால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். இதைக் குறையென்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உண்மையின் மீது பட்டியல் வைத்திருக்கும் பற்றாகத் தெரிகிறது. அது எப்போதும் இருப்பதையே சொல்கிறது, இருந்ததை அல்ல.

அந்தப் பற்றோடு இசைந்து நடக்க ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு காட்சியிலிருந்து மேடைக் குறிப்புகளையெல்லாம் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு கணுவை நீக்கும் முன்பே அதன் அடுத்த உடன்பிறப்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நீக்கிய பிறகு கேட்டால் பயனில்லை. மரத்திலிருந்து பிரிந்த கணுவுக்குப் பெற்றோரும் இல்லை, உடன்பிறப்பும் இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் நீக்குவதானால் இன்னும் எளிது: மூத்த பிள்ளை இருக்கும்வரை மூத்த பிள்ளையை நீக்கு. நீக்க நீக்க அடுத்தவர் மூத்தவராகிறார். எண்ணிக்கையே தேவைப்படாத, அப்பழுக்கில்லாத வளையம்.

இடம் மாற்றுவதிலும் அதே தெளிவு. ஒரு பேச்சை எடுத்து வேறொரு காட்சியில் அப்பென்ட்சைல்டு சொல்லிச் சேர்த்தால், பழைய இடத்தில் அது தங்குவதில்லை. தானே அங்கிருந்து கழன்று வந்துவிடும். ஒரு கணுவுக்கு ஒரே நேரத்தில் ஒரு பெற்றோர்தான். படி வேண்டுமானால் க்ளோன்நோட் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் எதுவும் இரட்டிப்பாகாது, கேட்காமல் எதுவும் காணாமல் போகாது.

நடக்கும் ஃபங்ஷனில் இதுவரை எந்த டேக்கின் பெயரும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூத்தவர் யார், அடுத்தவர் யார் என்று மட்டுமே அது கேட்கிறது. ஆகவே பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதற்குக் கிடையாது. எக்ஸ்எம்எல்லில் டேக்குகளைத் தமிழ் எழுத்துகளிலேயே வைக்கலாம். புள்ளியும் துணைக்கால்களும் உட்பட எல்லாம் தரத்துக்கு உட்பட்டவை. அங்கம், களம், பேச்சு, வரி என்று டேக் எழுதினால் எந்த உலாவியும் தடையின்றி ஏற்றுக்கொள்ளும்.

அங்கம், களம் என்றதும் உங்களுக்கும் மனோன்மணீயம் நினைவுக்கு வந்திருக்கும். பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட செய்யுள் நாடகம். அதிலும் ஐந்து அங்கங்கள், இருபது களங்கள். ஹாம்லெட்டின் அதே கணக்கு. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் ஐந்தங்க அமைப்பைத் தமிழில் வாங்கிக்கொண்ட நூல் அது. எழுதியவர் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் உரிமைத் தடையும் இல்லை. போசாக் ஹாம்லெட்டுக்குச் செய்ததை மனோன்மணீயத்துக்குச் செய்ய ஒருவர் வேண்டும். முழு நூலும் வேண்டாம், ஒரு களத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேசுபவர் பெயரைத் தனியே, வரிகளைத் தனியே, மேடைக் குறிப்புகளை அவை விழும் இடத்திலேயே வைத்துத் தமிழ் டேக்குகளால் அடுக்குங்கள். ஹாம்லெட்டை நடந்து முடித்த அந்த ஐந்தாறு வரி நிரல், ஓர் எழுத்துகூட மாறாமல் அதையும் நடந்து முடிக்கும்.